அர்செனியோ பார்த்த கடைசிக் காட்சி

எங்கள் ஊர்த் திரையரங்கின் முகப்பில், டிக்கெட் ஜன்னலுக்கு எதிரே உள்ள தூணருகே உட்கார்ந்து அர்செனியோ லெய்வா லைட்டர்களுக்கு எரிவாயு ஏற்றுகிறார். தீர்ந்ததும் தூக்கி எறிவதற்கென்றே செய்த பிளாஸ்டிக் லைட்டர்கள் அவை. எங்கள் ஊரில் யாரும் எறிவதில்லை. அடியில் ஊசியால் துளை போட்டு, எரிவாயு அடைத்து, துளையை மூடி, தேய்ந்த கல்லை மாற்றி, கட்டைவிரலால் சுண்டிப் பார்த்துக் கொடுப்பார். சர்க்கரை ஆலை மூடிய காலத்திலிருந்து அவருக்கு இதுதான் தொழில். ஜன்னலுக்குள் உட்கார்ந்து டிக்கெட் கிழிப்பது என் வேலை. அதனால் அவர் பேசுவது எதுவும் என் காதுக்குத் தப்பாது.

பேச்சு என்றால் பெரும்பாலும் சினிமாதான். வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குப் படம். முடிந்ததும் விவாதம். விவாதம் இல்லாமல் எங்கள் ஊரில் படம் பார்த்ததாகக் கணக்கில்லை. மேடையோரம் நாற்காலி போட்டு மக்தியேலா டீச்சர் உட்காருவார். "இந்தப் படம் நம்மைப் பத்தி என்ன சொல்லுது?" என்று தொடங்குவார். அதற்குப் பிறகு ரொட்டி, தண்ணீர், மருமகள், புரட்சி, மியாமி என்று எல்லாம் வரும். யாரோ ஒருவர் கதாநாயகியின் செருப்பைப் பற்றிப் பேசுவார். அர்செனியோ கையைத் தூக்கிக்கொண்டே காத்திருப்பார். முறை வந்ததும் எழுந்து, தொப்பியைக் கழற்றி, "ஒரே ஒரு விஷயம் டீச்சர்" என்பார். பிறகு கேட்பது எப்போதும் ஒரே கேள்வி.

"படத்துல அது எங்க இருக்கு?"

படத்தில் இல்லாததை யாராவது படத்தின் மேல் ஏற்றிச் சொன்னால் அவருக்கு உடம்பு எரியும். கோழியைக் கழுகு என்றோ, மழையைக் கண்ணீர் என்றோ சொல்லக் கூடாது. மழை பெய்தது, அவ்வளவுதான். இந்தக் குணத்தால் அவருக்கு எதிரிகள் நிறைய, நண்பர் ஒருவர். அந்த நண்பர் நிக்கானோர், ரயில் நிலையத்தில் சிக்னல் போட்டு ஓய்வு பெற்றவர். அவரோ படத்தில் இல்லாததை மட்டுமே பார்ப்பவர். வில்லன் கதவைச் சாத்தினால், "பாவம், சின்ன வயசுல அவனை யாரோ வெளிய தள்ளிச் சாத்தியிருக்காங்க" என்று கண்கலங்குவார். விவாதம் முடிந்ததும் இருவரும் முகப்புக்கு வந்து, டோமினோ மேசையில் எதிரெதிரே கூட்டாளிகளாக உட்கார்ந்து, வருகிற ஜோடியை எல்லாம் தோற்கடித்துக்கொண்டே மறுபடி சண்டை போடுவார்கள். முப்பது வருடப் பழக்கம். அந்தச் சத்தம் இல்லாத வெள்ளிக்கிழமையை நான் பார்த்ததில்லை, லிஃப்ட் படம் வரும்வரை.

லிஃப்ட் படம் என்று ஊரில் வைத்த பெயர்தான். ஹவானாவில் ஒரு பழைய உயரமான கட்டடம். அங்கே லிஃப்ட் இயக்குகிறவன் கதாநாயகன். கர்ப்பிணி, சவப்பெட்டி, புத்தாண்டுப் பன்றி, எல்லாவற்றையும் ஏற்றி இறக்குகிறான். வெளிநாட்டிலிருந்து அண்ணன் விமான டிக்கெட் அனுப்புகிறான். போவானா மாட்டானா என்பதுதான் கதை. நாடு முழுக்க அந்தப் படத்தைப் பற்றித்தான் பேச்சு. வாரா வாரம் கைமாறும் திருட்டுப் படத் தொகுப்பில்கூட அது இன்னும் வந்திருக்கவில்லை. மாகாண அலுவலகத்திலிருந்து ஒரு டிவிடி தட்டில் வந்தது. மக்தியேலா டீச்சர் அதை அலமாரியில் வைத்துப் பூட்டி, சாவியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டார்.

முதல் வெள்ளிக்கிழமை அரங்கம் நிரம்பியது. கடைசிக் கட்டம். கதாநாயகன் வீட்டைப் பூட்டுகிறான். சாவியைப் பூந்தொட்டிக்கு அடியில் வைக்கிறான். பெட்டியை உருட்டிக்கொண்டு லிஃப்டுக்குள் நுழைகிறான். கம்பிக் கதவு மூடுகிறது. கரண்ட் போனது.

அரங்கம் முழுவதும் ஒரே குரலில் ஒரு வார்த்தை சொன்னது. அதை இங்கே எழுத முடியாது. நான் பக்கக் கதவுகளைத் திறந்தேன். வெயில் சாய்ந்து உள்ளே வந்தது. யாரும் எழுந்து போகவில்லை. போனாலும் வீட்டிலும் கரண்ட் இல்லை. டீச்சர் வழக்கம்போல நாற்காலியை இழுத்துப் போட்டார். படம் பாதியில் நின்றதால் விவாதம் நிற்க வேண்டுமா என்ன?

"இதுல பேச என்ன இருக்கு?" என்று ஆரம்பித்தாள் காபி விற்கும் ஃபெஃபா. "போயிட்டான். பெட்டியோட கிளம்பினவன் மாவு வாங்கவா போறான்?"

"போக மாட்டான்," என்றார் ஆர்மிஞோ, பழைய தலைமையாசிரியர். "கீழே இறங்குவான். அந்தக் கட்டடத்து ஜனங்களோட முகத்தைப் பார்ப்பான். பெட்டியோட மேலே திரும்பி வருவான். அதுதான் கலை."

"அதுதான் கலைன்னா, உங்க மருமகன் ஏன் சார் இன்னும் பெட்டியோட திரும்பி வரல?" என்று மடக்கினாள் ஃபெஃபா.

சிரிப்பு அடங்கக் கொஞ்ச நேரம் ஆனது. அப்போது நிக்கானோர் எழுந்தார். விவாதத்தில் அவர் எழுந்து பேசுவது அபூர்வம். உட்கார்ந்தபடியே முணுமுணுப்பதுதான் வழக்கம்.

"அவன் போறான்," என்றார். முன் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார். "விமானம் ஏறுறான். ஜன்னல் வழியா பாக்குறான், கட்டடம் சின்னதாத் தெரியுது. அது துரோகம் இல்லை. அவனும் எத்தனை வருஷம்தான் மத்தவங்களையே ஏத்தி இறக்குவான்?"

யாரும் கேலி செய்யவில்லை. நிக்கானோரின் மகள் கடல் தாண்டி, தெனெரிஃபே தீவில் இருக்கிறாள். அவருடைய தாத்தா அந்தத் தீவிலிருந்து வந்தவர் என்று நிரூபித்து, அப்பாவை அழைத்துக்கொள்ள இரண்டு வருடமாகக் காகிதம் சேர்க்கிறாள். ஊருக்கே தெரிந்த விஷயம்.

பின்வரிசையில் ஒரு தொப்பி கழன்றது.

"ஒரே ஒரு விஷயம் டீச்சர். நான் இந்தப் படத்தை முழுசாப் பாத்துட்டேன்."

அரங்கமே திரும்பியது. அர்செனியோ விளக்கினார். போன வாரம் கண்ணைக் காட்ட ஓல்கீன் நகரத்துக்கு ஆளேற்றும் லாரியில் போயிருந்தார். கண்ணில் சொட்டு விட்டார்கள். அது தெளியும்வரை எங்காவது நிழலில் உட்காரலாம் என்று ஒரு திரையரங்குக்குள் நுழைந்தார். இதே படம்.

"லிஃப்ட் ரெண்டு மாடிக்கு நடுவுல நின்னுடுது. கொஞ்ச நேரம் பட்டனை அமுக்கிப் பாக்குறான். பெட்டி மேல உக்காருறான். விளக்கு மினுக்குது, அணையுது. இருட்டு. அவ்வளவுதான் படம்."

 ஃபெஃபா தொடையில் அடித்துக்கொண்டாள்.

"அடப் பாவி மனுஷா! ஓல்கீன்லயும் கரண்ட் போயிருக்கு!"

அரங்கம் வெடித்தது. ஒருவர் இருமத் தொடங்கினார். ஆர்மிஞோவே கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

"பவர் கட்டைப் பாத்துட்டு முடிவுங்கிறாரே!"

"இல்லைய்யா! அதுக்கப்புறம் பேரெல்லாம் வந்துச்சு. இருட்டு கொஞ்ச நேரம் இருந்துச்சு, அப்புறம் வெள்ளையா எழுத்து மேல போச்சு, எறும்பு ஊர்ற மாதிரி..."

"சொட்டு விட்டா எனக்கும்தான் எறும்பு தெரியும்."

மக்தியேலா டீச்சர் கையுயர்த்தி அமைதிப்படுத்தினார். "அர்செனியோ சொல்றது ரொம்ப சுவாரசியமான ஒரு வாசிப்பு. லிஃப்டை ஒரு சமூகமா எடுத்துக்கிட்டா..."

"வாசிப்பு இல்லை டீச்சர், நான் பார்த்தது! கண்ணால!"

"எந்தக் கண்ணால?" என்று யாரோ கேட்டார்கள். அதோடு விவாதம் முடிந்தது.

முடிந்தது என்று சொல்வது தவறு. அன்றிலிருந்து அவரை இரண்டு பக்கத்தாரும் பிடித்துக்கொண்டார்கள். இருட்டில் ஒரு படத்தை முடிப்பது நாட்டைக் கேவலப்படுத்துவது என்றும், அர்செனியோ அதை ஊரில் பரப்புகிறார் என்றும் ஆர்மிஞோ கடுகடுத்தார். ஊரைவிட்டுப் போக நினைக்கிறவர்களைக் குத்திக்காட்டத்தான் கிழவர் இப்படி ஒரு முடிவைக் கட்டிவிட்டார் என்றார்கள் இளைஞர்கள். லைட்டரில் எரிவாயு ஏற்ற வருகிறவன்கூட, சுண்டிப் பார்த்துத் தீ வராவிட்டால், "என்ன மாமா, இதுதான் முடிவா?" என்று கேட்டான்.

இதையெல்லாம் அவர் தாங்கியிருப்பார். அன்று மாலை முகப்பில் நடந்ததைத்தான் தாங்க முடியவில்லை. மேசையில் காய்கள் தயாராக இருந்தன. நிக்கானோர் உட்காரவில்லை.

"நீ வேணும்னே சொன்னே," என்றார்.

"நான் எதுக்கு, கொம்பாய், வேணும்னே சொல்லப் போறேன்? பாத்தேன், சொன்னேன்." நெருங்கிய நண்பனை இங்கே கொம்பாய் என்போம்.

"எல்லாரும் சிரிக்கட்டும். எனக்கு ஒரு நேரம் வரும்போது, நீ அந்த லிஃப்டை நடுவுல நிறுத்துறே. நான் இங்கயே, உன் எதிர்லயே, இந்தக் காயைத் தட்டிக்கிட்டே சாகணும். அதானே உன் ஆசை?"

"லிஃப்டை நானா நிறுத்தினேன்?"

நிக்கானோர் தெருவில் இறங்கிப் போனார். அர்செனியோ காய்களைப் பெட்டியில் எடுத்துப் போட ஆரம்பித்தார். ஒன்று கீழே விழுந்தது. நான் வெளியே வந்து எடுத்துக் கொடுத்தேன்.

அதன் பிறகு அவருக்கு வேலையில் மனம் ஓடவில்லை. சாட்சி தேடினார். ஓல்கீனில் இருக்கும் தங்கை மகனுக்குப் போன் போட்டார். அவனும் அந்தப் படத்தைப் பார்த்திருந்தான். "ஆனா மாமா, வீட்டுக்குப் போற லாரி போயிடும்னு கடைசில எழுந்து வந்துட்டேன்," என்றான். ஓல்கீன் லாரி வந்து நிற்கும்போதெல்லாம், இறங்குகிற பெண்களின் மூட்டையைப் பிடித்து இறக்கிக்கொண்டே, "லிஃப்ட் படம் பாத்தீங்களாம்மா?" என்று கேட்டார். ஒருத்தி மகிழ்ச்சியோடு ஆமாம் என்றாள். கடைசியில் கடற்கரையில் கல்யாணம் நடக்கிறது, கிழவிகூட ஆடுகிறாள் என்றாள். அது வேறு படம்.

மக்தியேலா டீச்சரிடம் கெஞ்சினார். "கடைசி ரெண்டு நிமிஷம் மட்டும் போடுங்க டீச்சர். நிக்கானோர் ஒருத்தனுக்கு மட்டும். கரண்ட் இருக்கிற நேரமாப் பாத்து."

"படம்னா அது என்ன கோழியா, காலை மட்டும் பிச்சுக் கொடுக்க?" என்றார் டீச்சர். "முடிவை மட்டும் பாத்தா அது தீர்ப்பு. முழுசாப் பாத்தாத்தான் விவாதம். வெள்ளிக்கிழமை மறுபடி முதல்லேர்ந்து போடுறேன்."

அந்த வெள்ளிக்கிழமை, சவப்பெட்டி லிஃப்டில் ஏறும் காட்சியிலேயே கரண்ட் போனது.

அவர் மனைவி நெரெய்தா ரொட்டிக் கடையில் வேலை செய்கிறாள். மதியம் சாப்பாடு கொண்டுவரும்போது என் ஜன்னலருகே நின்றுதான் அவரைத் திட்டுவாள், நானும் கேட்க வேண்டும் என்பதற்காக.

"அவன் விமானம் ஏறினான்னு ஒரு வார்த்தை சொல்லிட்டு வாயேன் அவர்கிட்ட. உனக்கு என்ன குறைஞ்சிடும்? டிக்கெட் நீயா எடுத்துத் தரப் போறே?"

"ஏறலையே."

"யாருக்கு ஏறலை? அது சினிமாய்யா!"

"சினிமாலதான் ஏறலைங்கிறேன்."

நெரெய்தா என்னைப் பார்த்தாள். நான் டிக்கெட் கட்டைப் பிரித்துக்கொண்டிருப்பதுபோல இருந்தேன். அவள் பாத்திரத்தைத் தூணடியில் வைத்துவிட்டுப் போய்விட்டாள். வள்ளிக்கிழங்கு அவித்தது. அவர் தொடவில்லை.

தெருவுக்கு அந்தப் பக்கம், பூங்கா பெஞ்சில் நிக்கானோர் தனியாக உட்கார்ந்திருப்பது அங்கிருந்தே தெரியும். அர்செனியோ ஒரு லைட்டரைச் சுண்டுவார், நிமிர்ந்து பார்ப்பார், மறுபடி சுண்டுவார். நல்ல லைட்டரையே திரும்பத் திரும்பச் சுண்டி எரிவாயுவை வீணாக்கிக்கொண்டிருந்தார்.

தட்டைத் திருப்பி அனுப்பச் சொல்லி மாகாணத்திலிருந்து ஆள் வந்தான். அடுத்த லாரியில் போயாக வேண்டும். அன்றும் கரண்ட் இல்லை. அர்செனியோ அதோனிஸைப் பிடித்தார். அதோனிஸிடம் மின்சார மோட்டார் சைக்கிள் இருக்கிறது. அதன் பேட்டரியை ஒரு மாற்றுப் பெட்டியில், அதாவது இன்வெர்ட்டரில், இணைத்தால் டிவி ஓடும். அவன் வீட்டில் தொடர் பார்ப்பதே அப்படித்தான். இனி வாழ்நாள் முழுக்க அவன் வீட்டு லைட்டர்களுக்கெல்லாம் இலவசமாக எரிவாயு ஏற்றித் தருவதாக அர்செனியோ வாக்குக் கொடுத்தார்.

"ஆனா பேட்டரி இறங்கிற மாதிரி இருந்தா பிடுங்கிடுவேன் மாமா. ராத்திரி என் பொண்ணுக்கு ஃபேன் வேணும்."

மேடையில் பெரிய டிவியை வைத்தோம். புழுக்கம் தாங்காமல், டீச்சர் தன் சின்ன மேசை விசிறியையும் அதே மாற்றுப் பெட்டியில் செருகிக்கொண்டார். அதோனிஸ் முகம் சுளித்தான், ஆனால் தன் பழைய டீச்சரிடம் அவன் என்ன சொல்ல முடியும்? நிக்கானோரும் வந்திருந்தார். கூப்பிட்டு வந்தாரா, தானாக வந்தாரா, தெரியாது. கதவோரம் தனியாக உட்கார்ந்தார். அர்செனியோ உட்காரவே இல்லை. சுவரோரம் நின்று, படத்தைப் பார்க்காமல், படம் பார்க்கிறவர்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பன்றி ஏறியது, சவப்பெட்டி ஏறியது. டிக்கெட் வந்தது. பூந்தொட்டி. லிஃப்ட். கம்பிக் கதவு மூடியது. இந்த முறை எதுவும் நிற்கவில்லை. லிஃப்ட் இறங்கியது. பிறகு குலுங்கி நின்றது. கதாநாயகன் பட்டனை அமுக்கினான், மறுபடி அமுக்கினான். பெட்டியைப் படுக்க வைத்து அதன் மேல் உட்கார்ந்தான். விளக்கு மினுக்கியது.

இருட்டு. சத்தமும் இல்லை.

"போச்சு!" என்று அரங்கம் கத்தியது.

"பேட்டரி காலி!"

"அதோனிஸ், உன் வண்டி சீனாக்காரன் வண்டிதானே!"

நாற்காலிகள் தடதடத்தன. ஆட்கள் எழுந்து கதவை நோக்கி நகர ஆரம்பித்தார்கள். அர்செனியோ இருட்டில் கைகளை வீசினார்.

"உக்காருங்க! இதுதான்! இதுதான் முடிவு! பேர் வரும், கொஞ்சம் பொறுங்க... விசிறியைப் பாருங்கய்யா! விசிறி ஓடுது! எல்லாம் ஒரே பேட்டரி!"

திறந்த கதவின் வெளிச்சத்தில் நான் விசிறியைப் பார்த்தேன். ஓடியது. டீச்சரின் முடி பறந்துகொண்டிருந்தது. ஆனால் அவர் கதவுப் பக்கம் திரும்பி, மெதுவாகப் போங்கள் என்று கத்திக்கொண்டிருந்தார். யாரும் மேடையைப் பார்க்கவில்லை. அதே நேரத்தில் அதோனிஸ், மிச்சமிருப்பதையாவது காப்பாற்றலாம் என்று பாய்ந்து வந்து வயரைப் பிடுங்கினான்.

விசிறி இன்னும் நாலு சுற்றுச் சுற்றி நின்றது.

"மறுபடி போடு!" என்றார் அர்செனியோ. அவர் குரல் அப்படி உடைந்து நான் கேட்டதில்லை. "மறுபடி செருகுடா! பேர் வரும்!"

"மாமா, எனக்கு வண்டி ஓட்டணும். உங்க லிஃப்டை இறக்கிறதுதான் எனக்கு வேலையா?"

"விசிறி ஓடிச்சுடா!"

"ஃபேனுக்குக் கொஞ்சம் போதும், டிவிக்கு அது பத்தாது," என்றான் அதோனிஸ். கரண்டைப் பற்றி அவன் சொன்னால் ஊரில் அதற்கு மேல் பேச்சில்லை. அரங்கத்துக்குள், கதவருகே, ஏற்கெனவே விவாதம் தொடங்கிவிட்டது. லிஃப்ட் நின்றதுவரை எல்லோரும் பார்த்தாயிற்று. அதை யாராவது வந்து சரிசெய்வார்களா, வருவது யார், எந்த அலுவலகத்து ஆள் என்பதுதான் இப்போது சண்டை. மெக்கானிக் ஒருவன் வருவான், அவன்தான் படத்தின் உண்மையான கதாநாயகன் என்றார் ஆர்மிஞோ. "மெக்கானிக்கா? அவன்தான் முதல்ல போயிருப்பான்," என்றாள் ஃபெஃபா. அர்செனியோ சொன்னதில் பாதி சரியாகிவிட்டதே என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

டீச்சர் தட்டை உறையில் போட்டார். மாகாண ஆள் லாரியைப் பிடிக்க ஓடினான்.

அர்செனியோ முகப்புக்கு வந்து, டோமினோ மேசைக்கு முன்னால் உட்கார்ந்தார். காய்ப் பெட்டியைத் திறக்கவில்லை. நான் ஜன்னலைச் சாத்தும் வேலையை மெதுவாகச் செய்துகொண்டிருந்தேன். நிக்கானோர் வந்து எதிரே உட்கார்ந்தார். பெட்டியைத் திறந்து காய்களை மேசையில் கொட்டினார்.

"விசிறி ஓடிச்சு," என்றார்.

அர்செனியோ நிமிர்ந்தார். "பாத்தியா?"

"பாத்தேன்."

"அப்ப எழுந்து போ! அவங்ககிட்டப் போய்ச் சொல்லு!"

"எதுக்கு? நம்பவா போறாங்க? எனக்கும்தான் ஒரு கண்ணுல புரை."

"நிக்கானோர், எனக்குப் பைத்தியம் பிடிச்சிடும்."

"விடு. கரண்ட் வந்திருக்கும்ல?"

"எங்க?"

"அந்தக் கட்டடத்துலதான். எப்பவாவது வந்துதானே ஆகணும். வந்தா லிஃப்ட் இறங்கும். அவன் விமானம் போயிருக்கும், சரி. அடுத்த விமானம்."

"படத்துல அது எங்க இருக்கு?" அர்செனியோ மேசையில் குத்தினார். காய்கள் குதித்தன. "படத்துல அது எங்கய்யா இருக்கு? இப்பதானே பாத்தே! உக்காந்தான், இருட்டு, முடிஞ்சுது!"

"எனக்குத் தேதி வந்துடுச்சு, கொம்பாய்."

அர்செனியோவின் கை மேசையிலேயே கிடந்தது.

"முதல் தடவை படம் போட்டாங்களே, அன்னிக்குக் காலைலதான் பொண்ணு போன் பண்ணினா. நவம்பர்ல விமானம். சாயங்காலம் உன்கிட்டச் சொல்லலாம்னுதான் வந்தேன். அதுக்குள்ள நீ எழுந்து லிஃப்டை நிறுத்திட்டே."

ஃபெஃபாவின் குரல் உள்ளேயிருந்து கேட்டது. மெக்கானிக்குக்குச் சம்பளம் யார் கொடுப்பது என்பதுவரை விவாதம் வந்திருந்தது.  அர்செனியோ கோபமாகவே சொன்னார்.

"முதல்லயே சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல? அவன் விமானம் ஏறிட்டான்னே சொல்லியிருப்பேனே நான்!"

"நீயா?"

"ஆமா."

"எல்லார் முன்னாடியும்?"

"ஏறினான், ஜன்னல் வழியாப் பாத்தான், கட்டடம் சின்னதாத் தெரிஞ்சுதுன்னு. எல்லாம் சொல்லியிருப்பேன்."

நிக்கானோர் அவர் முகத்தைப் பார்த்தார். "சொல்லியிருக்க மாட்டே," என்றார். "பாதியில நிறுத்தி, ஒரே ஒரு விஷயம் டீச்சர்னு ஆரம்பிச்சிருப்பே. தண்ணி கொடு."

காய்களைக் கலக்குவதைத்தான் இங்கே தண்ணீர் கொடுப்பது என்பார்கள். அர்செனியோ இரண்டு கைகளாலும் காய்களைக் கவிழ்த்துக் கலக்கினார், தேவைக்கு அதிகமாக, மேசை அதிர. எதிராட்டத்துக்கு இன்னும் ஜோடி வரவில்லை. உள்ளே எல்லோரும் மெக்கானிக்கோடு இருந்தார்கள்.

"நவம்பர்ல எந்த வாரம்?" என்று கேட்டார், காய்களிலிருந்து கண்ணை எடுக்காமல்.